தண்ணி மாத்தின மறுநாள் மீன் செத்துப்போவது ஏன்? வேடந்தாங்கல் ஏரியில் இருக்கு பதில்

ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி, பாலாற்றுப் பாலத்தையும் கடந்து தெற்கே போனால் படாளம் கூட்ரோடு வரும். சீசன் நேரத்தில் சனி, ஞாயிறு காலைகளில் சென்னைப் பக்கமிருந்து வரும் கார்கள் பல இங்கே வலது பக்கம் திரும்பும். எல்லாம் வேடந்தாங்கலுக்கு. கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம் என ஆயிரக்கணக்கான பறவைகள் ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டியிருக்கும். கீழே தண்ணி முழுக்க அவற்றின் எச்சம்.

அந்த எச்சத்துக்காகத்தான் ஊர்க்காரர்கள் பறவைகளைக் காப்பாற்றினார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்குப் பாய்ந்தால் பயிருக்குத் தனியாக உரம் போடும் தேவை குறையும். 18-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளை வெள்ளைக்கார சிப்பாய்கள் சுடுகிறார்கள் என்று செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டு, பாதுகாப்பு உத்தரவை எழுத்திலேயே வாங்கிவிட்ட ஊர் அது. 2022-ல் ராம்சர் அந்தஸ்தும் கிடைத்தது.

சரி, இதற்கும் உங்கள் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் 2 அடி கண்ணாடித் தொட்டிக்கும் என்ன சம்பந்தம்? நேரடி சம்பந்தம் இருக்கு. ஏரியில் பறவை எச்சம் உரமாக மாறும் அதே வேதியியல்தான் தொட்டியில் மீனின் கழிவுக்கும் நடக்கிறது, இல்லை, நடக்க வேண்டும். அது நடக்காத தொட்டியில்தான் மீன் மிதக்கும்.

'சுத்தமாத்தானே வெச்சிருந்தேன்?'

மகிந்திரா சிட்டியிலோ மறைமலை நகரிலோ வேலை, படாளம், மதுராந்தகம் பக்கம் வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் வரை போய் தொட்டி, ஃபில்டர், கலர் கல், எட்டுப் பத்து மீன் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி, அன்று மாலையே தண்ணி நிரப்பி மீனை விட்டாச்சு. முதல் மூன்று நாள் ஜோர். நாலாவது நாள் தண்ணி லேசாகக் கலங்கும். ஆறாவது நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பத்தாவது நாள் பாதி மீன் காலி.

உடனே செய்வது என்ன? மிச்ச மீன்களை பக்கெட்டில் போட்டு, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, ஃபில்டர் ஸ்பாஞ்சை குழாயடியில் வெள்ளை வெளேர் என்று அலசி, புதுத் தண்ணி முழுசாக நிரப்பி மறுபடி விடுவது. பார்க்க பளிச்சென்று இருக்கும். அடுத்த வாரம் அதே கதை. மூன்றாவது முறைக்குப் பிறகு தொட்டி மொட்டைமாடிக்குப் போய்விடும், அதில் புதினா முளைக்கும். "நம்ம கைராசி சரியில்ல" என்று முடிவும் ஆகிவிடும்.

கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிரச்சினை அந்த 'சுத்தத்தில்' இருக்கு.

கண்ணுக்குத் தெரியாத வேலையாட்கள்

மீன் தன் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அமோனியாவாகவே வெளியேற்றும். தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அமோனியாதான். இது மீனுக்கு விஷம். ஆனால் தண்ணியில் இருக்கும் சில பாக்டீரியாக்களுக்கு இதுதான் சாப்பாடு. ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான், அது மீனின் ரத்தத்தில் கலந்து ஆக்ஸிஜனைச் சுமக்க விடாமல் செய்யும், செவுள் பழுப்பு நிறமாகும். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவு வரை மீனுக்குத் தொந்தரவு தராது. செடிகளுக்கு அது உரம். தண்ணி நிற்கும் வயலில் நெல் அதிகம் உறிஞ்சுவது அமோனியம் வடிவத்தை, நைட்ரேட்டை ஓரளவுதான்.

மண்ணில் இந்த வேலையைச் செய்யும் நுண்ணுயிரிகளை 1890 வாக்கில் தனியாகப் பிரித்தெடுத்தவர் ரஷ்ய விஞ்ஞானி செர்கெய் வினோகிராட்ஸ்கி. மீன் தொட்டியில் இரண்டாவது கட்டத்தைச் செய்வது நைட்ரோபாக்டர் என்ற இனம் என்றுதான் ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1998-ல் நன்னீர்த் தொட்டிகளை ஆராய்ந்தபோது அந்த வேலையைப் பார்ப்பது நைட்ரோஸ்பைரா என்று தெரிந்தது. 2015-ல் இன்னும் ஒரு ஆச்சரியம்: அமோனியாவில் தொடங்கி நைட்ரேட் வரைக்கும் முழு வேலையையும் ஒரே ஆளாகச் செய்யும் நைட்ரோஸ்பைராக்களும் உண்டு.

இந்த பாக்டீரியாக்கள் தண்ணியில் மிதந்து திரிவதில்லை. ஸ்பாஞ்ச், கல், கண்ணாடி என்று ஏதாவது ஒரு பரப்பில் வழவழப்பாக ஒட்டிக்கொண்டு வாழும். அதிகம் குடியிருப்பது ஃபில்டர் ஸ்பாஞ்சில். பெருகுவதும் ரொம்ப நிதானம். வயிற்றைக் கலக்கும் ஈ-கோலை பாக்டீரியா சாதகமான சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகும். இவை இரட்டிப்பாக பல மணி நேரம், சில நேரம் ஒரு நாளே ஆகும். அதனால்தான் புதுத் தொட்டி 'பழக' 4 முதல் 6 வாரம் தேவைப்படுகிறது. ஒரே நாளில் பத்து மீனை விட்டால், கழிவை அள்ள ஆள் வருவதற்கு முன்பே குப்பை மலையாகிவிடும்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை சுத்தத்தை நினைத்துப் பாருங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணியில் ஸ்பாஞ்சை அலசியபோது கழுவிக் கொட்டியது, மூன்று வாரமாக வளர்ந்த மொத்தக் கூட்டத்தையும்தான்.

பாதித் தண்ணி மாத்தினாலும் சாகுதே, அது ஏன்?

இது கொஞ்சம் விவகாரமான கேள்வி. ஆறு மாதமாக நன்றாக ஓடிய தொட்டி. தண்ணி மாற்றவே இல்லை. ஆவியாகக் குறைந்ததை மட்டும் ஊற்றிக்கொண்டே வந்தார்கள். மீனும் நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் நல்ல எண்ணத்தில் பாதித் தண்ணியை எடுத்துவிட்டு போர் தண்ணி நிரப்பினால், ராத்திரிக்குள் மீன் மல்லாந்து கிடக்கிறது. "தண்ணி மாத்தாத வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

அமோனியாவுக்கு தண்ணிக்குள் இரண்டு வடிவம் உண்டு. ஒன்று விஷமான அமோனியா, இன்னொன்று அவ்வளவாகத் தீங்கு செய்யாத அமோனியம். இரண்டில் எது எவ்வளவு என்பதை பிஎச் அளவும் வெப்பநிலையும் தீர்மானிக்கும். 25 டிகிரி செல்சியஸில், பிஎச் 7 என்றால் மொத்தத்தில் அரை சதவீதத்துக்குச் சற்று மேல்தான் விஷ வடிவம். அதே வெப்பநிலையில் பிஎச் 8 ஆனால் 5 சதவீதத்துக்கு மேல். 30 டிகிரியில் பிஎச் 8 என்றால் ஏழரை சதவீதம். பிஎச் 8.5-க்குப் போனால் 20 சதவீதம்.

பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது தண்ணியில் அமிலம் சேரும். தண்ணியில் கரைந்திருக்கும் பைகார்பனேட், அதாவது காரத்தன்மை, அந்த அமிலத்தைத் தாங்கிக்கொண்டு பிஎச் இறங்காமல் பிடித்து வைக்கும். 1 மி.கி. அமோனியா நைட்ரஜனை முழுதாக மாற்ற சுமார் 7 மி.கி. காரத்தன்மை செலவாகும். வங்கிக் கணக்கு மாதிரி, எடுத்துக்கொண்டே இருந்து போடாமல் விட்டால் ஒரு நாள் தீர்ந்துபோகும். அப்போது பிஎச் சரசரவென 6.5, 6 என்று இறங்கும். அந்த அமிலத்தில் பாக்டீரியாவும் மந்தமாகிவிடும், அமோனியா சேரும். ஆனால் பிஎச் குறைவு என்பதால் அது அமோனியம் வடிவத்தில் சாதுவாகக் கிடக்கும். மீனும் தாக்குப்பிடிக்கும்.

அந்த நேரத்தில்தான் பிஎச் 8 உள்ள போர் தண்ணியை பாதித் தொட்டிக்கு ஊற்றுகிறார்கள். சாதுவாகக் கிடந்ததில் ஒரு பங்கு சில நிமிடங்களில் விஷமாக மாறுகிறது. புதுத் தண்ணியில் குற்றம் இல்லை. பழைய தண்ணி என்ன ஆகிக்கொண்டிருந்தது என்பது யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். இப்படி ரொம்ப நாள் விட்டுவிட்ட தொட்டியை ஒரே மூச்சில் திருத்தக் கூடாது. தினம் 10 சதவீதம் என்று ஒன்றிரண்டு வாரம் மெதுவாகத்தான் இழுத்து வர வேண்டும்.

போர், லாரி, கேன், ஆர்ஓ: எந்தத் தண்ணி?

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஊருக்கு ஊர், சில இடங்களில் தெருவுக்குத் தெரு தண்ணி மாறும். பாலாற்று மணலில் ஊறும் தண்ணி ஒரு ரகம். அதைவிட்டுத் தள்ளி, பாறைக்குள் ஆழமாகப் போட்ட போர் தண்ணி இன்னொரு ரகம். குழாயில், ஹீட்டரில் வெள்ளை வெள்ளையாக உப்பு படிகிறதென்றால் அது கடினத்தன்மை அதிகமுள்ள தண்ணி. மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம் போனால் கடல் உப்பு எட்டிப் பார்க்கும் கிணறுகளும் உண்டு. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-ல் தொடங்கி, 2024-ல் இரண்டாவது ஆலையும் திறந்த பிறகு, சென்னையின் தென்பகுதியில் குழாயில் வருவது வேறு மாதிரித் தண்ணி.

இதில் எது நல்லது என்று கேட்பதைவிட, எது வருஷம் முழுக்க மாறாமல் கிடைக்கும் என்று கேட்பது மேல். பிஎச் 7.8 இருக்கும் தண்ணியில் மீன் பழகி வாழ்ந்துவிடும். இந்த வாரம் போர், அடுத்த வாரம் போர் வற்றி லாரி, அதற்கடுத்து "பாவம், மீனுக்கு நல்ல தண்ணி" என்று ஆர்ஓ - இந்த ஊஞ்சலைத்தான் அதனால் தாங்க முடியாது.

வெறும் ஆர்ஓ தண்ணியில் மீன் வளர்ப்பது பலர் செய்யும் தப்பு. உப்புகளோடு சேர்த்து காரத்தன்மையையும் ஆர்ஓ வடிகட்டி எடுத்துவிடும். மேலே சொன்ன வங்கிக் கணக்கில் முதல் நாளே பணம் இல்லை என்று அர்த்தம். கேன் தண்ணியும் பெரும்பாலும் ஆர்ஓ தண்ணிதான். ஆனால் ஓர் இடத்தில் ஆர்ஓ கைகொடுக்கும். தொட்டியில் இருந்து ஆவியாகிப் போவது தண்ணி மட்டும்; உப்பு அப்படியே தங்கிவிடும். குறைந்த அளவை ஒவ்வொரு முறையும் போர் தண்ணியால் ஈடுகட்டினால் உப்பின் மேல் உப்பு சேர்ந்து, கோடை முடிவதற்குள் டிடிஎஸ் எங்கேயோ போய் நிற்கும். எனவே ஆவியானதை நிரப்ப ஆர்ஓ, வாரம் ஒருமுறை மாற்றுவதற்கு வழக்கமான தண்ணி என்று வைத்துக்கொள்ளலாம். மேலே ஊற்றி நிரப்புவது வேறு, தண்ணி மாற்றுவது வேறு. பலரும் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்ததாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு வழி, தண்ணிக்கு ஏற்ற மீனை வாங்குவது. கடினத்தண்ணி வரும் வீட்டில் கப்பி, மோலி, பிளாட்டி ஜாலியாக இருக்கும், குட்டியும் போடும். நியான் டெட்ரா, டிஸ்கஸ் எல்லாம் அமேசான் பக்கத்து மென்மையான, லேசான அமிலத் தண்ணிக்குப் பிறந்தவை. பிஎச் குறைக்கிறேன் என்று கடையில் விற்கும் சொட்டு மருந்தை ஊற்றினால், கார்பனேட் நிறைந்த தண்ணி மறுநாளே பழைய இடத்துக்கு வந்து நிற்கும். அந்த ஏற்ற இறக்கம் அதிக பிஎச்சைவிட மோசம்.

ஊராட்சி, மாநகராட்சி குழாய்த் தண்ணியாக இருந்தால் குளோரினையும் கவனிக்க வேண்டும். முந்தின நாளே பக்கெட்டில் பிடித்து ஏர் ஸ்டோன் போட்டு வைத்தால் பெரும்பாலும் பறந்துவிடும். அவசரத்துக்குக் கடைகளில் 'ஆன்டி குளோரின்' என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் சோடியம் தயோசல்ஃபேட். சொன்ன அளவுக்குப் போட்டால் போதும்.

மே மாசம், மதியம் 2 மணி

நம்ம ஊர்த் தொட்டிகளுக்கு ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படாது. தலைவலி எதிர்ப்பக்கத்தில். தண்ணி சூடாக ஆக அதில் கரையும் ஆக்ஸிஜன் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 9 மி.கி. தங்கும் இடத்தில், 30 டிகிரியில் ஏழரை மி.கி.தான். அதே சூட்டில் மீனுக்கு ஆக்ஸிஜன் தேவை கூடும், அமோனியாவின் விஷமும் கூடும். மூன்றும் ஒரே நேரத்தில் அடிக்கும்.

ஐஸ் கட்டியைத் தூக்கிப் போடுவது வேண்டாம். அரை மணி நேரத்தில் ஐந்து டிகிரி இறங்கினால் அது மீனுக்கு இன்னொரு அடி. மூடியைத் திறந்து, தண்ணியின் மேற்பரப்பில் படும்படி சின்ன ஃபேன் வைத்தால் ஆவியாகும் வேகத்தில் இரண்டு மூன்று டிகிரி குறையும். மண்பானைக்குள் நடப்பதுதான் இங்கேயும். கடற்கரையோரப் புழுக்கத்தில் இதன் பலன் கொஞ்சம் கம்மி.

பலர் கவனிக்காத ஒன்று: மொட்டைமாடியில் இருக்கும் சின்டெக்ஸ் டேங்க். மதியம் குழாயைத் திறந்தால் கை வைக்க முடியாத சூட்டில் வரும். அதை நேரே தொட்டியில் விட்டால் மீன் அவிந்துபோகும். தண்ணி மாற்றுவதைக் காலையில் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை இல்லை.

கோடை போனால் புயல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது சென்னையிலும் புறநகரிலும் பல பகுதிகளில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. ஃபில்டர் நின்றால் மீனுக்கு மட்டுமல்ல, ஸ்பாஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாவுக்கும் மூச்சு முட்டும். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. அதுவும் இல்லையென்றால் மக்கில் மொண்டு ஒரு அடி உயரத்தில் இருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருக்கலாம். அலுப்பான வேலை, ஆனால் பலன் உண்டு. அந்த நாட்களில் தீனியை நிறுத்திவிடுங்கள். நல்ல ஆரோக்கியமான பெரிய மீன் சில நாள் சாப்பிடாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. மூடிய வகை ஃபில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால், கரண்ட் வந்ததும் அப்படியே ஓட விடாமல், உள்ளே நாறிக் கிடக்கும் தண்ணியைக் கொட்டிவிட்டு ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணியில் லேசாக அலசி மாட்ட வேண்டும்.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்காமல் இருந்தாலே பாதி வெற்றி. தண்ணி நிரப்பி, ஃபில்டரை ஓட விட்டு, மீன் இருப்பதாக நினைத்துக்கொண்டு தினம் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள். அது அழுகி அமோனியா வரும், பாக்டீரியா குடியேறும். நோயில்லாத, நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு துண்டு பழைய ஸ்பாஞ்ச் கேட்டு வாங்கிப் போட்டால் வாரக்கணக்கில் நேரம் மிச்சம். அழுக்கு ஸ்பாஞ்சைக் கேட்டால் நண்பர் ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை. நம்ம ஊர் வெப்பம் இந்த ஒரு விஷயத்தில் நமக்குச் சாதகம். குளிர் நாடுகளைவிட பாக்டீரியா இங்கே சீக்கிரம் வளரும்.

தயாராகிவிட்டதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணியிலும் அமோனியா கொல்லும் அளவுக்கு இருக்கலாம். அதற்கு நிறம் கிடையாது. சொட்டு விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட் வாங்கிக்கொள்வதுதான் வழி. அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் கொஞ்சம் தெரிகிறது என்றால் மீன் விடலாம். அதுவும் இரண்டு மூன்றாக, வாரம் விட்டு வாரம். நடுவில் நைட்ரைட் எகிறினால் லிட்டருக்கு 1 கிராம் அளவுக்குச் சாதாரண கல் உப்பு கைகொடுக்கும். உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே உள்ளே போவதைத் தடுக்கும். கெளுத்தி வகை மீன்களும் சில செடிகளும் உப்பை விரும்பாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மீன் சோர்ந்திருக்கிறது என்று எடுத்த எடுப்பில் நீல மருந்தை ஊற்றுவது மட்டும் வேண்டாம். மெத்திலீன் ப்ளூ நல்ல பாக்டீரியாவையும் சேர்த்தே பாதிக்கும். மருந்து கொடுப்பதென்றால் தனி டப்பாவில்.

கொளத்தூரில் இருந்து கவரில் மீன் கொண்டுவந்தால், கவரை மூடியபடி தொட்டியில் 15, 20 நிமிடம் மிதக்க விட்டு, சூடு சமமானதும் தொட்டித் தண்ணியை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். ஜிஎஸ்டி டிராஃபிக்கில் இரண்டு மூன்று மணி நேரம் அந்தக் கவருக்குள் மீன் மூச்சுவிட்டு, கழிவும் போட்டிருக்கும். அந்தத் தண்ணியைத் தொட்டியில் கொட்ட வேண்டாம்.

ஆசை தீர்ந்தாலும், மீன் பெரிதாகிவிட்டாலும் ஏரியில் கொண்டுபோய் விடுவது கூடவே கூடாது. பாசி தின்னும் என்று வாங்கும் 'சக்கர்' மீன் ஒரு அடிக்கு மேல் வளரும். தென்னமெரிக்காவைச் சேர்ந்த அந்த இனம் தொட்டிகளில் இருந்து தப்பி தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் பெருகி, மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. வேடந்தாங்கல், கரிக்கிலி மாதிரி பறவைகள் நம்பியிருக்கும் ஏரிகள் உள்ள மாவட்டத்தில் இது விளையாட்டு இல்லை. வாங்கின கடையிலேயே திருப்பிக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், வாராவாரம் செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம்தான். காலை நேரம், கால் பங்கு தண்ணி, டியூப் வைத்து அடியில் படிந்த அழுக்கோடு உறிஞ்சி எடுப்பது. அப்படி எடுத்த பழைய தண்ணியிலேயே ஸ்பாஞ்சைப் பிழிந்து திரும்ப மாட்டுவது. கண்ணாடி ஓரத்தில் ஒரு மணி பிளான்ட் கொடியின் வேர் மட்டும் தண்ணியில் நனையும்படி தொங்கவிட்டால், நைட்ரேட்டில் கொஞ்சத்தை அது இழுத்துக்கொள்ளும். பக்கெட்டில் இருக்கும் அந்த மஞ்சள் தண்ணியை சிங்க்கில் ஊற்றிவிடாதீர்கள். உப்பு மருந்து எதுவும் போடாத தண்ணியாக இருந்தால், பால்கனியில் இருக்கும் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிப் பாருங்கள். ஒரு மாதத்தில் துளிர் வரும்.